மணிக்கட்டில் ஒரு நீலப் புள்ளி

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வாந்தியால்தான் பிழைப்பு ஓடியது. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில், எனக்கு மலைப்பாதை பஸ்ஸில். நான் கண்டக்டர். டிக்கெட் கிழித்துக் கொடுத்ததைவிட வளைவுகளில் பாலிதீன் பை நீட்டியதுதான் அதிகம். அண்ணி, ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொண்டுவந்து படுக்கவைக்கும் அறையில் நர்ஸ். மயக்கம் தெளிந்ததும் பலர் செய்கிற முதல் காரியம் வாந்தி எடுப்பதுதான் என்பார். சாப்பிட உட்காரும்போது நாங்கள் இருவரும் அன்றைய வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து பசியோடு வந்திருக்கும் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. எழுந்து போவதோடு சரி.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் 'பேசின் சிஸ்டர்' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வார்டு ஆயாக்கள் முதல் பெரிய டாக்டர் வரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். தியேட்டருக்கும் வார்டுக்கும் நடுவில் இருந்தது அவருடைய அறை. ஜன்னல் கண்ணாடிகளில் பாதிவரை வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கும். இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில்கள், ஸ்பிரிட் வாசனை, மூலையில் ஒரு மர அடுக்கு. அதில் வாந்தி பிடிக்கும் பேசின்கள் கொதிக்கவைத்துக் கழுவிக் கவிழ்ந்து கிடக்கும். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற மாதிரி அண்ணிக்கும் நான் கொண்டுபோவதுண்டு. கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். ஒருவர் முனக ஆரம்பிப்பதற்குள் அண்ணியின் கையில் பேசின் வந்திருக்கும். இன்னொரு கை அவர் நெற்றியைத் தாங்கியிருக்கும். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்க வேண்டுமே, இருக்காது. வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறவர்தான் அங்கே அப்படி நின்றார்.

அந்த அறையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தண்டனையாக வேண்டுமானால் போடுவார்கள். அண்ணி போய்க் கேட்டு வாங்கினார். காரணம் சுண்டு பிறந்த அன்று நடந்தது.

சுண்டு என் அண்ணன் மகள். ஒரே பிள்ளை. அவள் பிறந்தபோது நான் வேலைவெட்டி இல்லாமல் அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். பிரசவம் சிக்கலாகி, முழு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். வெளியே கொண்டுவந்த குழந்தையை முதலில் என் அம்மா வாங்கினார், அடுத்து நான். அண்ணிக்கு மயக்கம் தெளிந்ததும் அம்மா குழந்தையை உள்ளே எடுத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அண்ணி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், குபுக்கென்று வாந்தி வந்துவிட்டது. குழந்தையைச் சுற்றியிருந்த துணி முழுக்க நனைந்தது. அம்மா வெடுக்கென்று குழந்தையைப் பின்னால் இழுத்து, "பச்சப்புள்ள மேலயா" என்றார். என் அம்மா கெட்டவர் இல்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அண்ணிக்கு அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

மறுநாளும் நிற்கவில்லை. குழந்தையைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் முகம் வெளுத்துவிடும், கையால் தள்ளிப் போகச் சொல்வார். கடைசியில் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டார்கள். அவர் சுண்டுவை நிதானமாகப் பார்ப்பதற்குள் அதைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று எங்கள் கூட்டம் பங்கு போட்டு முடித்திருந்தது. "ஒங்க பொண்ண ஒங்களுக்கு முன்னாடி பாத்தவன் நான்" என்று சொல்லிச் சொல்லி நான் அண்ணியை வம்புக்கு இழுப்பேன். சிரிப்பார். ஒரு முறை சிரிக்கவில்லை. எழுந்து போய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளைக் கலைத்துவிட்டு மறுபடி மடித்தார். அதோடு நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அந்த அறைக்கு அவர் போய்ச் சில வருடங்கள் கழித்து ஒரு மயக்க டாக்டர் மாற்றலாகி வந்தார். ஒல்லியான மனிதர், நீளக் கழுத்து. அவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பு நோயாளியின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்பக்கம் ஓடும் இரண்டு நரம்புகளுக்கு நடுவில் மெல்லிசாக ஓர் ஊசியைக் குத்திவைப்பார். மருந்தில்லாத வெறும் ஊசி. ஆபரேஷன் முடியும்வரை அது அங்கேயே நிற்கும். அக்குபங்சர் என்று பெயர், குமட்டலையும் வாந்தியையும் குறைக்கும் என்று சொன்னாராம்.

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். வாந்தி வருவது வயிற்றிலிருந்து, இவர் குத்துவது கையில், நல்ல கூத்தாக இருக்கிறதே என்று ஒரே ஏளனம். நானும் சேர்ந்து சிரித்தேன். அண்ணன் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "தலவலின்னு வர்றவனுக்கு நீ தலையிலயா ஊசி போடுற? இடுப்புலதான போடுற" என்றார். வருடத்துக்கு ஒரு தடவை பேசுவார், பேசினால் இப்படித்தான். அண்ணி நேராக அடுப்படிக்குப் போனார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆனால் அடுத்த வாரங்களில் மூலை அடுக்கில் கவிழ்ந்த பேசின்கள் எடுக்காமலேயே கிடக்க ஆரம்பித்தன. அண்ணி எதையும் சட்டென்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பருவம் மாறியிருக்கும், சமையல்காரர் மாறியிருப்பார் என்று ஏதேதோ சாக்கு சொல்லிப் பார்த்தார். கடைசியில் டாக்டரிடமே போய்க் கேட்டார். எல்லாருக்கும் நிற்காது, பலருக்குக் குறையும், அதனால்தான் வழக்கமான மருந்தையும் கொடுக்கிறேன், இதுவும் கூட ஒரு கை கொடுக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அளந்து பேசும் அந்தப் பேச்சு அண்ணிக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று எங்களிடம் சொன்னார்.

டாக்டர் ஒருவர், தியேட்டரோ இரண்டு. அதனால் முந்தின நாளே நோயாளிகளின் கையில் இடம் குறித்து வைக்கும் வேலையை அண்ணியிடம் கொடுத்தார். மணிக்கட்டின் முதல் ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி ஒரு புள்ளி. அண்ணி நீலப் பேனாவோடு கட்டில் கட்டிலாகப் போனார். வேலைக்கு வந்த புது நர்ஸ் மாதிரி அத்தனை உற்சாகம்.

அந்த உற்சாகம் கொஞ்ச நாளில் வடிந்தது. ஆண்களுக்குப் பரவாயில்லை. ஒல்லியான பெண்களும் பிள்ளைகளும் பழையபடி வாந்தி எடுத்தார்கள். டாக்டர் நெற்றியைச் சொறிந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று அண்ணி எங்களிடம் வீம்பு பேசினாலும் உள்ளுக்குள் அவருக்கு வருத்தம்தான். சாப்பாட்டு நேரத்தில் பேச்சே இல்லை. அண்ணன்கூட எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சின்னப் பெண் ஒருத்திக்கு டான்சில் ஆபரேஷன். அண்ணி புள்ளி வைக்கும்போது டாக்டர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருக்கிறார். எங்கள் அண்ணியின் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் கையைவிடப் பெரிது. கல்யாணத்துக்கு வளையல் வாங்கப் போய்க் கடைகடையாக அலைந்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அந்தக் கையின் மூன்று விரல்களைச் சின்னப் பெண்ணின் குச்சிக் கையில் வைத்து அளந்தால் புள்ளி எங்கே போய் விழும்? கிட்டத்தட்ட முழங்கைக்குப் பாதி வழியில். அத்தனை நாளும் வார்டு முழுக்க இந்த அளவில்தான் புள்ளி வைத்திருக்கிறார். அவசரத்தில் டாக்டரும் புள்ளியை நம்பிக் குத்தியிருக்கிறார். "அவ கைய அவ விரலால அளக்கணும் சிஸ்டர்" என்றாராம் டாக்டர், சிரிக்காமல். அண்ணிதான் சிரித்தார். வீட்டுக்கு வந்து தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். அண்ணன் அவர் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்து அளந்து பார்த்தார். அவர்கள் இருவரும் எங்கள் எதிரில் கையைப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அண்ணி ஒவ்வொருவருடைய இன்னொரு கையை எடுத்து, அவர்கள் விரலையே அவர்கள் மணிக்கட்டில் வைத்து அளந்தார். அதில் எதிர்பாராத ஒரு லாபம். பயந்துபோய்க் கிடப்பவர்கள் தங்கள் கையைத் தாங்களே தொட்டு, ஒரு வேலையில் பங்கெடுத்த மாதிரி அமைதியாகிவிடுகிறார்கள் என்று சொன்னார்.

வீட்டிலும் அதே பைத்தியம். எங்கள் யார் கையும் தப்பவில்லை. சுண்டுவுக்குப் பஸ் என்று சொன்னாலே வாய் ஊறும், கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை வாந்தி எடுத்துவிடுவாள். அவளுக்கு நீலப் புள்ளி வைத்து, கட்டைவிரலால் அமுக்கப் பழக்கிவிட்டார் அண்ணி. என் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்து, மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு, சாமியார் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வருவாள். பெரும்பாலும் கவுன் நனையாமல் இறங்கினாள். அதைப் பார்த்து எனக்கும் வைத்தியம் செய்யும் ஆசை வந்தது. முகம் வெளுத்துப்போன ஓர் அம்மாவிடம் போய், இந்த இடத்தை அமுக்குங்கள் என்று என் கையில் காட்டினேன். "டிக்கெட் குடுக்க வந்தியா, கைரேகை பாக்க வந்தியா" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை எங்கள் டிரைவர்களுக்கெல்லாம் நான் டாக்டர்.

இப்போது நினைத்தால் எங்கள் வீட்டின் நல்ல காலம் அதுதான் என்று தோன்றுகிறது. அம்மா இருந்தார். சுண்டு பக்கத்தில் இருந்தாள். எல்லார் கையிலும் ஒரு நீலப் புள்ளி இருந்தது. குளித்தால் போய்விடும், மறுபடி வைத்துக்கொள்வோம். அந்த நாட்களுக்குத் திரும்பிப் போக ஒரு பஸ் விட்டால் நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுவேன்.

டாக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் ஊசி வைக்கவில்லை. நல்ல நல்ல மருந்துகள் வந்துவிட்டன என்றார், அதுவும் உண்மைதான். அண்ணி யாரோடும் வழக்காடவில்லை. நேரம் கிடைத்தால் நோயாளிகளின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அமுக்கிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அதைச் செய்தார்.

சுண்டுவுக்குக் கல்யாணமாகிப் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். குழந்தை திரும்பவில்லை, ஆபரேஷன்தான் என்று டாக்டர் தேதி குறித்தார். அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ஆபரேஷனைப் பார்த்துப் பழகினவருக்கு என்ன பயம் என்று அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குத் தெரியும். அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். கேட்காமலேயே சொன்னார்.

"அவளும் என்ன மாதிரிதான் தம்பி. பஸ்ஸப் பாத்தாலே வர்றவ. எனக்கு ஆனது அவளுக்கு ஆகக் கூடாது. புள்ள மொகத்த அவ மொதல்ல பாக்கணும்."

ஆஸ்பத்திரி புதிது, பெரியது. மயக்க டாக்டர் ஓர் இளம்பெண். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம், விழித்துக்கொண்டுதான் இருப்பார் என்று பொறுமையாக விளக்கினார். ரத்த அழுத்தம் இறங்கும்போது சிலருக்குக் குமட்டும், அதற்கும் மருந்து உண்டு என்றார். அண்ணி, மருந்து கொடுங்கள், கூடவே நான் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அந்த இடத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் டாக்டர். ஆனால் உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. அந்த ஸ்டூல் கணவருக்கு.

அண்ணி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த இடத்தை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்குங்கள் என்று நான் சொன்னதற்கு, அவர் பிள்ளையை அவர் பார்க்க வேண்டாமா என்று என்மீதே பாய்ந்தார். அதற்குப் பதிலாக அவருக்கே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை பெயின்ட் கம்பெனியில் கணக்கர், தங்கமான பையன். ஆனால் சுண்டுவின் கையை வலித்துவிடுமோ என்று பயந்து தூசி தட்டுகிற மாதிரித் தொட்டார். அண்ணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் அன்று காலை மாப்பிள்ளையை எதிர்க் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனேன். தியேட்டருக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். நான் தியேட்டரை ஒரு நாளும் பார்த்ததில்லை, அதனால் சொல்வதற்குத் தடையே இருக்கவில்லை. மாப்பிள்ளை பாதி டீயில் டம்ளரை வைத்துவிட்டார். பஸ்ஸில் நான் எத்தனையோ பார்த்த அந்த வெளுப்பு அவர் முகத்தில் ஏறியது. திரும்பி வந்ததும் அண்ணியிடம் போய், "அத்த, நீங்களே போங்க. நான் வாசல்லயே இருக்கேன்" என்றார். அண்ணி என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடந்ததைச் சுண்டு பிற்பாடு சொன்னாள். நெஞ்சுக்கு மேலே ஒரு துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அண்ணி தொப்பியும் மாஸ்க்குமாகத் தலைமாட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சுண்டுவின் விரலாலேயே அளந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுண்டுவுக்குக் காது அடைத்தது, வாய் ஊறியது, எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தாள். "வருதும்மா" என்றாள். இளம் டாக்டர் அதற்குள் மருந்தை ஏற்றிவிட்டு, டிரிப்ஸையும் வேகப்படுத்தினார். அண்ணி கையை எடுக்கவில்லை. "ஒண்ணுமில்ல. என்னப் பாரு, என்னயே பாரு" என்றாராம். தொண்டைவரை வந்தது அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மருந்தா, அம்மாவின் கட்டைவிரலா என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டும்தான் என்பாள். அப்போது குழந்தை அழுதது. திரைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். ஈர முடி, பாதி திறந்த கண், காதின் மேல் வைத்த ஒரு கை. ஒன்று விடாமல் பார்த்தேன் என்று இன்றும் வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

வெளியே எங்களிடம் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வாங்கினார். அண்ணன் எட்டிப் பார்த்து, மூக்கு எங்க பக்கம் என்றார். வருடத்துக்கு ஒரு முறை பேசும் அந்த மனிதர் அன்று பேசின பேச்சில் பக்கத்து வார்டே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வந்தார். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து, மரத்துப்போன கட்டைவிரலை இன்னொரு கையால் நீவிக்கொண்டார்.

"யாரு சாயல் அண்ணி? எங்க எல்லாருக்கும் முன்னாடி பாத்தது நீங்கதான" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன் தம்பி" என்றார்.

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் இப்படிச் சொன்னால் எனக்கு என்ன புரியும்? முழித்தேன். அண்ணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பாருங்கம்மா, பாருங்கம்மான்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லிட்டே இருந்துச்சு. நான் திரும்பல. எங்க திரும்புனா இவளுக்கு வந்துருமோன்னு இவ மொகத்தயே பாத்துட்டு இருந்தேன். குமட்டல் அடங்குச்சு. இவ கண்ணு அப்படியே மேல, புள்ளகிட்ட போச்சு, அங்கயே நின்னுச்சு. பெத்தவ பாக்குற பார்வ எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது தம்பி. இன்னிக்குத்தான் பாத்தேன்."